குந்தியிருக்க ஓர் இடம்: மலைவீதிகளில் ஐந்து நாள்

முதல் நாள்: மாத்தளை

அம்மா போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். எங்கள் தோட்டத்துப் பாதை மெயின் வீதியில் வந்து சேரும் முடக்கில், அம்மா பெயரில் ஒரு பஸ் ஹோல்ட் கட்டுவது என்று அண்ணனும் நானும் பேசி முடித்திருக்கிறோம். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் எங்கள் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கும் அம்மா பஸ்ஸுக்கு நின்றது அந்த முடக்கில்தான். மழை வந்தால் ரெட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே நிற்பார்.

மேசன் பாஸிடம் சொன்னபோது, "பிளான் இருக்கா டீச்சர்?" என்றார். எங்களிடம் இருந்தது பணம் மட்டும்தான். அப்பா சொன்னார்: "அவசரப்படாதே புள்ள. ரோட்டு ஓரத்துல மனுசன் குந்துறதுக்குக் கட்டின இடங்களை முதல்ல போய்ப் பார்ப்போம். அப்புறம் பிளான் போடலாம்." அப்பா 28 வருடம் தேயிலை லொறி ஓட்டியவர். எங்கே நின்றால் உடம்பு ஆறும், எங்கே நின்றால் ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். ஆகஸ்ட் லீவு விட்டதும் பக்கத்து லயத்துத் தம்பியின் வேனைப் பேசிக்கொண்டு ஹப்புத்தளையிலிருந்து விடியுமுன் கிளம்பினோம்.

முதலில் மாத்தளைக்குப் போவோம் என்றது நான். நம்முடைய ஆட்கள் மலையேறிய வழி அங்கேதான் தொடங்குகிறது.

கோப்பிக் காலத்தில் மதுரை, திருச்சி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள் கடற்கரை வரை நடந்தே வந்தார்கள். அந்த மண்ணில் நடப்பவனுக்கு ஏதாவது ஒரு நிழல் இருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் சத்திரங்களையும் இன்றும் ஜனங்கள் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ராமேஸ்வரம் போகும் யாத்திரைக்காரர்களுக்காக சேதுபதிகள் வழி நெடுகச் சத்திரம் கட்டி வைத்திருந்தார்கள். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கியபின் எதுவும் கிடையாது. மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் காடு, காய்ச்சல், கொலரா. ஆயிரக்கணக்கானவர்கள் வீதியோரத்திலேயே செத்துப் போனார்கள். அரசாங்கம் அந்த வடக்கு வீதியில் கொட்டகைகளும் கிணறுகளும் அமைத்தது பிறகுதான். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், தலைமன்னாரிலிருந்து ரயிலும் ஓடத் தொடங்கிய பிறகு அந்த நடைக்குத் தேவையே இருக்கவில்லை.

2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி வந்தது. ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது, ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கடைசி நாளில் நானும் சேர்ந்து நடந்தேன். எங்களுக்குத் தார் ரோடும் போத்தல் தண்ணீரும் இருந்தன, காலில் நல்ல சப்பாத்து இருந்தது. அப்படியிருந்தும் மத்தியான வெயிலில் ஒரு கடைத் திண்ணையைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்பில் பிள்ளையோடு வந்த அந்தப் பெண்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மண்டபத்தில் வெகுநேரம் இருந்தோம். நடந்து வந்தவர்கள் இளைப்பாறிய இடத்தில்தான் அம்மன் எழுந்தாள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அப்பா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலம் நினைவுக்கு வந்தது. அங்கே பழைய வீதிகளின் ஓரத்தில் நெஞ்சளவு உயரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கும். தலைச்சுமையை இன்னொருவர் கைகொடுக்காமல் தானே இறக்கி வைக்கலாம், தானே ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம்.

அப்பாவிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "நம்ம ஹோல்ட்டுலயும் ஒண்ணு வைக்கணும். விறகுக்கட்டோட வர்றவங்க அதை எங்க வைப்பாங்க?" என்றார். நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி விழுந்தது: நெஞ்சளவில் ஒரு திட்டு.

இரண்டாம் நாள்: கடுகண்ணாவை

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

கொழும்பு-கண்டி வீதியை ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் 1820இல் தொடங்கினார். 1815இல் கைக்கு வந்த கண்டியைப் பிடித்து வைத்திருக்க, பட்டாளமும் பீரங்கியும் ஏறுகிற வீதி ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்தது. வேலையை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருக்காகக் கடுகண்ணாவை உச்சியில் எழுப்பிய கோபுரம் 1832இல் முடிந்தது, 125 அடி உயரம். சற்றுக் கீழே, பழைய வீதியில், பாறையைக் குடைந்து வழி விட்ட துளை இருக்கிறது. மலையைத் துளைத்துக்கொண்டு எதிரி வரும் நாளில்தான் கண்டி இராச்சியம் வீழும் என்று ஒரு வாக்கு இருந்ததாம்.

கோபுரத்தில் டோசனின் பெயர் இருக்கிறது. கல் உடைத்தவர்களின் பெயர் இல்லை. அந்த வேலையில் பெரும்பகுதி இராஜகாரியம். கிராமத்து ஆட்களைக் கூலி இல்லாமல் கட்டாயமாகப் பிடித்து வந்து வாங்கிய உழைப்பு அது. இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் 1832இல்தான். கோபுரம் முடிந்த அதே வருடம். இந்த இரண்டையும் சேர்த்து எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. இனி என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வேன்.

துளைப்பாறையின் பக்கத்தில்தான் கடுகண்ணாவை அம்பலம் இருக்கிறது. நாங்கள் பார்க்க வந்ததே இதைத்தான். ஓட்டுக் கூரை, திறந்த பக்கங்கள், ஓரத்தில் குந்துவதற்குத் தாழ்வான கட்டு. கதவு இல்லை, பூட்டு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்வருபவர்களுக்காகக் கட்டியது. சிங்களத்தில் 'அம்பலம' என்கிறார்கள். நம் அம்பலம்தான் அது. பலரும் கூடும் பொது இடம் என்று நாம் சொன்ன சொல், சிதம்பரத்தில் ஆடுகிறவனின் சபைக்கு ஆகி, மலையாளத்தில் கோயிலுக்கு ஆகி, இந்த மலையில் வழிப்போக்கன் படுத்துறங்கும் திண்ணைக்கு ஆகியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல வாழ்வு கிடைக்குமா என்று எனக்குத் தோன்றியது.

பழைய அம்பலங்கள் பெரும்பாலும் மரத்தில் இருந்தன. கறையான் ஏறாமலும் ஈரம் ஏறாமலும் இருக்க நான்கு கல்லை வைத்து, அதன்மேல் உத்தரங்களைச் சட்டமாகப் போட்டு, அந்த உத்தரத்தையே இருக்கையாக்கி, அதிலிருந்து தூண்களை நிறுத்திக் கூரை போடுவார்கள். ஊர்ப் பஞ்சாயமும் அங்கேதான் கூடும். பக்கத்தில் யாராவது புண்ணியத்துக்கு ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதற்குச் சிங்களத்தில் 'பின்தாலிய' என்று பெயர். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல் போலத்தான்.

அப்பா ஒரு மூலையைக் காட்டி, "இங்கேதான் நான் படுப்பேன்" என்றார். எனக்கு அது புதுச் செய்தி. தேயிலைப் பெட்டியை இறக்கிவிட்டு கொழும்பிலிருந்து இரவோடு இரவாகத் திரும்பும்போது மாவனல்லை தாண்டியதும் கண் சொருகுமாம். லொறியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அம்பலத்தில் ஒரு மணிநேரம் துண்டை விரித்துப் படுப்பாராம்.

"பயமில்லையாப்பா?"

"எந்த ஊரு, என்ன சாதி, எந்த மொழின்னு யாரும் கேக்காத இடம் புள்ள இது. கேட்டிருந்தா வண்டியில ஏறிப் போயிருப்பேன். போயிருந்தா முடக்குல தூங்கியிருப்பேன். நீங்களெல்லாம் என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க."

அந்த இடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அம்பலத்தோடு, பயணிகள் தங்கும் விடுதியான வாடிவீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் தொடங்கியதை ஆங்கிலேயர் பெருக்கி, ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்று தீவெங்கும் வைத்தார்கள். கீழே அம்பேபுஸ்ஸையில் இருப்பது 1820களைச் சேர்ந்தது. கட்டில், குளியலறை, சமையற்காரன் எல்லாம் உண்டு. துரைமாரும் உத்தியோகத்தரும் இறங்குமிடம் அது. சுமை தூக்கி வந்தவனுக்கு அங்கே திண்ணைகூடக் கிடையாது. ஒரே வீதியில் இரண்டு விதமான ஓய்வு இருந்திருக்கிறது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அப்புறம் பஸ் வந்தது. நடப்பவர்கள் குறையக் குறைய அம்பலங்கள் பாழடைந்தன. வாடிவீடுகள் ஹோட்டல்களாகிப் பிழைத்துக்கொண்டன.

கிளம்பும்போது அப்பா குந்துக்கட்டை சாண் வைத்து அளந்தார். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. முழங்கால் வலிக்காரர்கள் எழும்புவதற்கு இன்னும் நாலு விரல் கூட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். கூரைத் தாழ்வாரம் வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். ஹப்புத்தளை மழை மேலிருந்து வருவதில்லை, காற்றோடு குறுக்கே வரும்.

பெருந்தெருக்கள் அருங்காட்சியகத்தில் நீராவி ரோலர்களை வேன் தம்பிக்காகக் கால்மணி நேரம் பார்த்தோம். அவருக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்றாம் நாள்: புசல்லாவை, றம்பொடை

கம்பளை தாண்டி ஏ5 வீதியில் ஏறினோம். புசல்லாவையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டோம். மேலே ஏற ஏற வீதியோரக் கடைகள்: கரட், லீக்ஸ், பேரிக்காய், பூங்கொத்து. ஒரு முடக்கில் பூ நீட்டிய பையன் குறுக்குப் பாதையில் ஓடி அடுத்த முடக்கிலும் அதே பூவோடு நிற்கிறான். மூன்றாவது முடக்கில் வாங்கினேன். பள்ளிக்கூட வயது. என்ன வகுப்பு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடிவிட்டான்.

கெரண்டி எல்லையில் அப்பா வேனை நிறுத்தச் சொன்னார். 2025 மே 11 காலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் இங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பா வீதியோரத்தில் கற்பூரம் ஏற்றினார்.

இனி மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். வழியில் ஓர் இடத்தில் எனக்கு மலசலகூடம் தேவைப்பட்டது. பஸ் தரிப்பிடத்தில் இருந்த பெண்கள் பக்கம் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பெரிய தேநீர்க் கடையில் கேட்டேன். ஏதாவது வாங்கிய பில் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். வாங்கினேன். என்னிடம் காசு இருந்தது. என் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் பேசாமல் திரும்பி நடந்தாள். கூப்பிட்டு என் பில்லைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வீதிகளில் ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். கிளினிக் போகும் நாளில் தேத்தண்ணிகூடத் தொட மாட்டார். சிறுநீரகம் பழுதானபிறகு டொக்டர் "தண்ணி நிறையக் குடியுங்கோ" என்றபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இதை வேறு நாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்து வைத்திருந்தேன். இரவு நுவரெலியாவில் தங்கியபோது அப்பாவுக்குச் சொன்னேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் கவுண்டி என்று ஓர் இடம். அங்கே வீதிப் பொறியியலாளராக இருந்த ஹெர்பர்ட் லார்சன் சொன்ன யோசனையில், 1918இல் வீதியோரமாக 320 ஏக்கர் காட்டை வெட்டாமல் காப்பதற்கென்று வாங்கினார்கள். அடுத்த வருடம் அதில் மேசைகள் போட்டு வழிப்போக்கர்களுக்குத் திறந்தார்கள். அந்த நாட்டின் முதல் சாலையோரப் பூங்கா அதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அதே மாநிலத்தில் 1929இல் ஆலன் வில்லியம்ஸ் என்ற இன்னொரு பொறியியலாளர், ஒரு குடும்பம் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் சாப்பாட்டை வைத்துத் தடுமாறுவதைக் கண்டார். வீதித் தடுப்பு வேலியில் கழற்றிய பலகைகள் அவரிடம் இருந்தன. அவற்றிலேயே மேசை செய்து வீதியோரம் போட வைத்தார்.

"பழைய பலகைதானே?" என்றார் அப்பா. அவருக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

1930களில் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம். டெக்சாஸில் இளைஞர்களுக்கு வேலை கொடுக்க வீதியோரப் பூங்காக்கள் கட்ட வைத்தார்கள். அந்த மாநிலத்தில் 1935இல் அந்தத் திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்திய இளைஞர் லிண்டன் ஜோன்சன், பின்னாளில் ஜனாதிபதியானார். 1956இல் நாடெங்கும் பெருஞ்சாலைகள் போடச் சட்டம் வந்தபோது, அந்தச் சாலைக்குரிய நிலத்தில் கடையோ பெற்றோல் நிலையமோ வரக் கூடாது என்று வைத்தார்கள். அதனால் அங்கே ஓய்விடம் என்றால் நிழல், மேசை, தண்ணீர், மலசலகூடம். எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனால் அதே நாட்டின் தென் மாநிலங்களில், 1964இல் சிவில் உரிமைகள் சட்டம் வரும்வரை, கறுப்பின மக்கள் வழியில் ஒரு கழிப்பறைக்காக எத்தனையோ மைல் அலைந்திருக்கிறார்கள். இடம் இருந்தால் மட்டும் போதாது, அது யாருக்குத் திறந்திருக்கிறது என்பதும் கேள்விதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பான்காரர் செய்தது. 'மிச்சி நோ எகி' என்றால் வீதி ஸ்டேசன். ரயிலுக்கு ஸ்டேசன் இருக்கிறதே, வீதிக்கு ஏன் இல்லை என்று கேட்டுத் தொடங்கியது. 1993இல் முதலில் 103 இடங்களைப் பதிவு செய்தார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேல். வாகனம் நிறுத்துமிடமும் கழிப்பறையும் 24 மணிநேரமும் இலவசம். அதோடு அந்த ஊர் விவசாயிகள் தங்கள் காய்கறியை அங்கேயே விற்கலாம். நம் வீதியில் கரட் விற்கும் அக்காமார் ஏற்கெனவே இருக்கிறார்கள். தண்ணீர்க்குழாய் ஒன்றும் கழிப்பறை இரண்டும் சேர்த்தால் றம்பொடையில் அப்படி ஒரு ஸ்டேசன் வந்துவிடும். தெற்கு அதிவேக வீதியில் வெலிப்பன்னையில் கட்டியிருக்கிறார்கள். மலையேறும் ஏ5 வீதிக்கும் கட்டலாம். அங்கே சீறிப் போகிறவர்களைவிட இங்கே வளைந்து வளைந்து வாந்தியெடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கை அணைத்தபிறகு இருட்டில் சொன்னார்: "ஹோல்ட்டுக்குப் பின்னால ஒரு கக்கூசும் கட்டுவோம் புள்ள. உங்கம்மாவுக்கு."

நான்காம் நாள்: பொகொடை

வெலிமடை வழியாக வரும்போது ஒரு வேலை செய்தேன். வீதியோரத்து பஸ் ஹோல்ட்டுகளில் நினைவுக்கல் பதித்தவற்றை எண்ணிக்கொண்டே வந்தேன். ஹாலிஎலை வருவதற்குள் பதினான்கு. தாய்க்கு, தகப்பனுக்கு, விபத்தில் போன மகனுக்கு. சிங்களத்திலும் தமிழிலும். சுமைதாங்கி வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, கல் மட்டும் சீமெந்தாகிவிட்டது. சிலவற்றில் இருக்கை உடைந்து கிடக்கிறது. சிலவற்றை விளம்பரத் தட்டி மறைத்திருக்கிறது. கட்டினால் போதாது, வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும். அண்ணனுக்குப் போன் போட்டேன். அம்மாவின் திவசத்துக்கு முதல்நாள் அந்த வேலையைச் செய்வது என்று பேசிக்கொண்டோம்.

பொகொடைப் பாலம் கல்லந்த ஓயாவுக்கு மேலே. கண்டிக்கும் பதுளைக்கும் இருந்த பழைய வழியில் 16ஆம் நூற்றாண்டில் மரத்தாலேயே கட்டிய பாலம் என்கிறார்கள். மேலே ஓட்டுக் கூரை. பாலமும் அதுதான், அம்பலமும் அதுதான். உள்ளே போனால் ஆற்றின் சத்தமும் குளிர்ந்த காற்றும்தான். ஆற்றைக் கடக்க வைத்த இடத்தில் நின்று இளைப்பாறவும் வைத்தவன் யாரோ, நல்ல மனசுக்காரன். ஒரு சிங்கள ஆச்சி பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு நகர்ந்து இடம் விட்டார். இருவரும் முழங்கால் வலியைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்து விகாரைக்குப் போய் வந்தேன், அப்போதும் அதே பேச்சு.

ஐந்தாம் நாள்: வீடு

பண்டாரவளை வழியாகத் திரும்பினோம். தம்பேத்தன்னை மலையில் லிப்டன் சீட் என்று ஓர் இடம் இருக்கிறது. தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். அழகான இடம், யார் வந்தாலும் போய்ப் பார்க்கச் சொல்வேன். ஆனால் அதைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து எடுத்த என் அம்மாவுக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் மத்தியானச் சோற்றை வைத்துச் சாப்பிட ஒரு பலகைகூட இருந்ததில்லை. தேயிலைச் செடிக்கு அடியில் சாக்கை விரித்துத்தான் சாப்பிட்டார்கள். சில தோட்டங்களில் இப்போது மலையில் கொட்டகையும் கழிப்பறையும் வந்திருக்கின்றன. எல்லா மலைக்கும் வர வேண்டும்.

நாலு மணிக்கு எங்கள் முடக்கில் இறங்கினோம். மேசன் பாஸ் வந்திருந்தார், அண்ணனும் வந்திருந்தான். அப்பா வேலியிலிருந்து நாலு குச்சி உடைத்து நட்டார். 12 அடிக்கு 8 அடி. வீதியிலிருந்து ஆறடி தள்ளி, ஏனென்றால் லொறி முடக்கில் வரும்போது பின்பக்கம் உள்ளே வாங்கும். மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவர்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வீதியில் போகிறவர்களுக்குத் தெரிந்தால்தான் பெண்பிள்ளைகள் தைரியமாக நிற்பார்கள். தாழ்வாரம் மூன்றடி நீளும். வலப்பக்கம் சுமைதாங்கித் திட்டு. அதன் பக்கத்தில் தண்ணீர்ப் பானைக்கு ஒரு மாடம்.

"கக்கூஸுக்கு பேமிசன் எடுக்கணும் ஐயா. தண்ணி லைனும் வேணும். செலவு ரெண்டு மடங்காகும்" என்றார் பாஸ்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அதை முதல்ல கட்டுவோம்" என்றார் அப்பா. "கூரைக்குக் காசு பத்தலைன்னா அடுத்த தீபாவளிக்குப் போடலாம்." ஐந்தாவது குச்சியை உடைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.